பெரிய சாமியார் பீரோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவகோட்டைப் பக்கம் ஒரு சின்ன கத்தோலிக்கப் பங்கு எங்களோடது, பங்குன்னா ஒரு கோயிலும் அதைச் சேந்த மக்களும், சாமியார்னா அந்தக் கோயில் பாதிரியார். கோயிலுக்குப் பின்னாடி பழைய சாமியார் பங்களால மூணு பர்மா தேக்கு பீரோ, மூணுலயும் புத்தகம். ஊர்ல எல்லாரும் அதை பெரிய சாமியார் பீரோன்னுதான் சொல்லுவாங்க. பங்குப் பேரவைல கேட்டு சாவி வாங்கி நான் பாத்துக்க ஆரம்பிச்சு பல வருஷம் ஆச்சு. திருவிழாவுக்கு வர்றவங்க, காலேஜ் பசங்க, சிங்கப்பூர் மலேசியான்னு செட்டிலாகி லீவுக்கு வர்ற நம்ம ஊர்க்காரங்க, எல்லாரும் கேக்கறது ஏறக்குறைய ஒரே கேள்விங்க, அதனால பதிலை எல்லாம் சேத்து எழுதிட்டேன்.

பெரிய சாமியார்னா யாரு?

சுதந்திரத்துக்கு முன்னாடியே இங்க வந்த பிரெஞ்சுக்கார சாமியார், இயேசு சபைங்கற கத்தோலிக்கத் துறவிகள் சபையைச் சேந்தவரு. 1773-ல போப்பாண்டவர் அந்த சபையையே கலைச்சுட்டாரு, அதுல பழைய மதுரை மிஷன் ஆளில்லாம நின்னு போச்சு. 1814-ல சபை மறுபடி உயிர் பெத்து, 1830-கள் கடைசில பிரெஞ்சு சாமியாருங்க திரும்ப மதுரைக்கு வந்தாங்க, அந்த வரிசைல ரொம்பப் பின்னாடி வந்தவரு இவரு. வந்தவரு ஊருக்குத் திரும்பிப் போகவே இல்ல, கோயிலுக்குள்ளயே பீடத்துக்குப் பக்கத்துல அடக்கம் பண்ணிருக்காங்க. எங்க ஐயா (தாத்தா) அவருகிட்ட கோயில்பிள்ளையா, அதாவது கோயில் வேலைங்களைப் பாத்துக்கறவரா இருந்தவரு. ராத்திரி அரிக்கேன் விளக்கு வச்சுக்கிட்டு புத்தகத்துல பென்சில்ல எழுதிக்கிட்டே இருப்பாருன்னு ஐயா சொல்லுவாரு, எனக்கு அந்த பீரோ மேல ஆசை வந்ததே அந்தக் கதையிலதான்.

செட்டிநாட்டுல எப்படி இவ்ளோ பழைய கிறிஸ்தவப் புத்தகம்?

செட்டிநாடுன்னா பெரிய வீடும் சாப்பாடும் ஆத்தங்குடிக் கல்லும்தான்னு நினைக்கறவங்க கேக்கற கேள்வி இது. இங்கேருந்து கிழக்க போனா ஓரியூர், 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ, தலை வெட்டப்பட்ட இடம். அவருக்குப் புனிதர் பட்டம் கிடைச்சது 1947-ல. இந்தப் பக்கம் சருகணி, மருது பாண்டியருங்க அந்தக் கோயிலுக்குத் தேர் செஞ்சு குடுத்ததை ஊர் இன்னைக்கும் பெருமையா சொல்லும். ஆக முன்னூறு வருஷத்துக்கு மேல மறவர் சீமைல சாமியாருங்க நடந்துகிட்டும் படிச்சுகிட்டும் எழுதிகிட்டும் இருந்திருக்காங்க, அவங்க போற எடமெல்லாம் புத்தகமும் கூடவே போச்சு.

நகரத்தாரும், அதாவது இந்த ஊர்ச் செட்டியாருங்களும், கம்மி கிடையாது. காரைக்குடில இந்து மதாபிமான சங்கம் ஆரம்பிச்சது 1917-ல, பாரதியார் 1919-ல அங்க வந்திருக்காரு. புத்தகம் படிக்கறதும் அச்சுப் போட்டு குடுக்கறதும் இந்த மண்ணுல ஒரு மரியாதையான காரியமா இருந்துச்சு. பெரிய சாமியார் பீரோவுலயே செட்டியார் வீடுங்கள்ல இருந்து வந்த மணிவிழா மலரு, கோயில் குடமுழுக்கு மலரு, பதிகம், பிள்ளைத்தமிழ்னு ஒரு தட்டு முழுக்க இருக்கு. தேவாரப் புத்தகத்தை ஒரு பிரெஞ்சுக்கார சாமியாருக்கு கையெழுத்துப் போட்டு குடுத்திருக்காங்க, அவரும் அதை முதல் பக்கத்துல இருந்து கடைசி பக்கம் வரைக்கும் கோடு போட்டு படிச்சிருக்காரு. வெளில இருந்து வர்ற எல்லாருக்கும் நான் முதல்ல காட்டறது அந்தப் புத்தகத்தைத்தான்.

என்னென்ன புத்தகம் இருக்கு?

லத்தீன் பூசைப் புத்தகம், சாமியாருங்க தினம் சொல்ற கட்டளை ஜெபம் வருஷத்தோட நாலு காலத்துக்கு நாலு வால்யூம், பிரெஞ்சுல ஞானப் புத்தகங்கள், இது எந்தப் பழைய பங்களால போனாலும் இருக்கும், இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

தமிழ் பக்கம்தான் விசேஷம். புதுச்சேரி மிஷன் அச்சுக்கூடத்துல மூசே, துயுப்புயி ரெண்டு சாமியாரும் போட்ட தமிழ்-பிரெஞ்சு அகராதி (முதல் பாகம் 1855), வின்ஸ்லோவோட தமிழ்-இங்கிலீஷ் அகராதி (1862), ஜி.யு. போப்போட திருவாசக மொழிபெயர்ப்பு (1900), வீரமாமுனிவர் நூல்கள் பழைய பதிப்புல. தேம்பாவணிய வீரமாமுனிவர் 1726-ல முடிச்சாரு, 3615 பாட்டு, ஆனா அது அச்சுக்கு வந்தது 1850-கள்ல, புதுச்சேரில. அதுவரைக்கும் நூறு வருஷத்துக்கு மேல ஓலையிலயும் கையெழுத்துலயும்தான் அது உயிரோட இருந்துச்சு, யாரோ ஒரு உபதேசியார், யாரோ ஒரு புலவர் உக்காந்து பிரதி எடுத்து வச்சதாலதான் நம்ம கைக்கு வந்துச்சு. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைஞ்சுரும்.

ஆனா என்னைக் கேட்டா இதெல்லாம் ரெண்டாவதுதான். அகராதியோட ஓரத்துல அவரு பென்சில்ல எழுதினதுதான் முதல்ல. அப்பச்சின்னா இங்க அப்பா, ஆச்சின்னா அக்கா, கல்யாணம் ஆன பொம்பளையயும் மரியாதையா அப்படித்தான் கூப்பிடறாங்க, ஐயான்னா தாத்தா, ஆயான்னா அம்மாவப் பெத்தவங்க, வளவு, முகப்பு, பட்டாலைன்னு வீட்டோட பாகங்க, கொட்டான்னா ஓலைக் கூடை, இப்படி இந்த வட்டாரத்துல காதுல விழுந்த வார்த்தையெல்லாம் அந்தந்த எழுத்துக்குப் பக்கத்துல குட்டி குட்டியா பிரெஞ்சுல அர்த்தம் போட்டு வச்சிருக்காரு. கொட்டானுக்கு ஒரு சின்னப் படமே வரைஞ்சிருக்காரு. அகராதி உலகத்துல இன்னும் எத்தனையோ லைப்ரரில இருக்கும், இந்த ஓரக்குறிப்பு இந்த ஒரு பிரதிலதான்.

ஒரு சாமியாரோட சொந்தப் புத்தகத்தை பங்கு வச்சுக் காப்பாத்தறது வழக்கமா? வேற எங்கயும் உண்டா?

உண்டு, ரொம்பப் பழைய வழக்கம். இங்கிலாந்துல கிரந்தம்னு ஒரு ஊரு (நம்ம எழுத்து கிரந்தம் இல்ல, ஊர் பேரே அப்படி), அங்க 1598-ல பிரான்சிஸ் ட்ரிக்னு ஒரு பாதிரியார் ஏற்பாடு பண்ணி, பங்குக் கோயில் வாசல் மண்டபத்துக்கு மேல ஒரு ரூம்ல புத்தகங்களை வச்சாங்க, யாரும் தூக்கிட்டுப் போகக்கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் இரும்புச் சங்கிலில கட்டி. சாமியாருங்க மட்டும் இல்ல, ஊர்க்காரங்களும் படிக்கணும்னுதான் அந்த ஏற்பாடு. அந்தச் சங்கிலி நூலகம் இன்னைக்கும் அதே ரூம்ல இருக்கு. விம்போர்ன்னு இன்னொரு ஊர்ல 1686-ல வில்லியம் ஸ்டோன்னு ஒரு பாதிரியார் தன் புத்தகத்தை எல்லாம் பங்குக்குக் குடுத்தாரு, அதுவும் சங்கிலியோட இன்னும் இருக்கு.

அப்புறம் தாமஸ் ப்ரே. ஏழைப் பங்குல இருக்கற பாதிரியாருங்க புத்தகம் வாங்க வழியில்லாம இருக்காங்கன்னு பாத்து, பங்குக்குப் பங்கு நூலகம் வைக்கணும்னு அலைஞ்சவரு. அவரு முயற்சில 1709-ல இங்கிலாந்து பார்லிமெண்டே பங்கு நூலகங்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் போட்டுச்சு, பாதிரியார் மாறினா புத்தகப் பட்டியல் போட்டு சரிபாக்கணும், புத்தகத்தை இஷ்டத்துக்கு விக்கக்கூடாதுன்னு. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர்லயும் புத்தகம் காணாம போறது முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே பெரிய தலைவலியா இருந்திருக்கு பாருங்க.

அந்த தாமஸ் ப்ரேக்கும் நமக்கும் ஒரு தொடுப்பு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. அவரு 1698-ல நண்பர்களோட சேந்து ஆரம்பிச்ச கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் (எஸ்.பி.சி.கே.ன்னு சொல்லுவாங்க, வேப்பேரில இருந்துச்சே ஒரு அச்சகம், அதே சங்கம்தான்), அவங்கதான் தரங்கம்பாடில இருந்த சீகன்பால்குவுக்கு அச்சு இயந்திரம் அனுப்பினது. வழில பிரெஞ்சுக்காரங்க கப்பலைப் பிடிச்சு, கூட வந்த அச்சுக்காரர் வழிலயே செத்து, ஒரு வழியா 1712-ல இயந்திரம் மட்டும் வந்து சேந்துச்சு. ஜெர்மனி ஹாலேல இருந்து தமிழ் எழுத்து அச்சு 1713-ல வந்துச்சு, 1715-க்குள்ள தமிழ்ல புதிய ஏற்பாடு முழுசா அச்சாயிருச்சு. அங்க ஒரு கிராமத்துப் பாதிரியாருக்குப் புத்தகம் கிடைக்கணும்னு நினைச்ச அதே மனுஷங்கதான் தமிழ்ல புத்தகம் அச்சாகவும் கை குடுத்தாங்க. அவங்க புராட்டஸ்டண்ட், நாங்க ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர், அதனால என்ன, புத்தகம் புத்தகம்தான்.

இந்தப் புத்தகம் எல்லாம் யாருக்குச் சொந்தம்?

நிறைய புத்தகத்துல முதல் பக்கத்துல லத்தீன்ல "அத் ஊசும்"னு எழுதி அவரு பேரு இருக்கும். "உபயோகத்துக்காக"ன்னு அர்த்தம். இயேசு சபை சாமியாருங்க வறுமை வார்த்தைப்பாடு குடுத்தவங்க, தனக்குன்னு எதுவும் சொந்தம் கிடையாது, அதனால "இன்னாருடைய புத்தகம்"னு எழுத மாட்டாங்க, "இன்னாரோட உபயோகத்துக்கு"ன்னுதான் எழுதுவாங்க. இதைப் புரிஞ்ச அன்னைக்கு நான் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப பங்குப் பேரவை தீர்மானம் போட்டு, பங்குச்சாமியார் கையெழுத்தோட பட்டியல் எடுத்து, ஒரு காப்பி கோயில் பெட்டகத்துல வச்சிருக்கோம். சாமியார் மாறும்போது பட்டியலை வச்சு எண்ணிப் பாத்து கையெழுத்து வாங்கறோம், 1709 சட்டம் சொன்ன அதே வேலைதான்.

ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல எங்க தாத்தா பேரு பாக்கணும், பீரோவுல இருக்கா?

இல்ல. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், இந்தப் பதிவேடுங்க திருச்சபைச் சட்டப்படி (535-ஆவது பிரிவு) பங்குச்சாமியார் பொறுப்பு, ஆபீஸ்ல அவரைத்தான் கேக்கணும்.

முன்னாடி இன்னும் நிறைய இருந்துச்சாமே, என்னாச்சு?

இருந்துச்சு. எங்க ஐயா காலத்துல அஞ்சு பீரோ.

முதல் அடி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) முடிஞ்சு பூசை தமிழுக்கு மாறினப்ப. தமிழ்ல பூசை வந்தது எவ்ளோ பெரிய சந்தோஷம்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அந்த சந்தோஷத்துல இனிமே லத்தீன் எதுக்குன்னு ஒரு பீரோ நிறைய புத்தகத்தை பின்னாடி குழி வெட்டி எரிச்சுட்டாங்க. மந்திரிச்ச பொருள் பழசானா கண்ட இடத்துல போடக்கூடாது, எரிக்கணும் இல்ல புதைக்கணும்ங்கற மரியாதைலதான் எரிச்சாங்க, கெட்ட எண்ணம் இல்ல. ஆனா பூசைப் புத்தகத்தோட சேத்து அவரோட கையெழுத்து நோட்டும் போயிருச்சு, அதுல சில நோட்டு இந்த வட்டாரத்துப் பழமொழியா எழுதினதுன்னு ஐயா சொன்னாரு. அதை நினைச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

அடுத்தது நிர்வாகம் மாறினது. 1938-ல மதுரை தனி மறைமாவட்டம் ஆச்சு, 1987-ல அதுல இருந்து சிவகங்கை பிரிஞ்சுச்சு, இப்படி மாற மாற பேப்பரும் புத்தகமும் அங்க இங்க போச்சு, போனது ஒவ்வொண்ணும் எங்கயோ பத்திரமா இருக்கும்னு நம்பறேன். மூணாவது அடி மழை. ஓட்டுல ஒழுக்கு, ஒரு பீரோ மேல ஒரு ஐப்பசி முழுக்க சொட்டிருக்கு, யாரும் கவனிக்கல, திறந்தப்ப எல்லாம் கட்டியா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஒரு தப்பு என் பொறுப்புல இருந்தப்பவும் நடந்துச்சு. கிழிஞ்ச தேம்பாவணிப் பக்கங்களை டவுன்ல ஒரு கடைல லேமினேஷனுக்குக் குடுத்தேன். சூடு பட்டு பிளாஸ்டிக் ஒட்டினது ஒட்டினதுதான், இப்ப உள்ள மஞ்சளாகி மங்கிக்கிட்டே வருது, பிரிக்க வழியில்ல. தயவு செஞ்சு பழைய பேப்பரை லேமினேட் பண்ணாதீங்க, செல்லோ டேப்பும் ஒட்டாதீங்க.

300 வருஷப் புத்தகம் நல்லா இருக்கு, 1930-ல வந்தது அப்பளமா நொறுங்குது, ஏன்?

பீரோவுல 1700-கள்ல அச்சான லத்தீன் புத்தகம் ஒண்ணு இருக்கு, பக்கத்தை மடிச்சாக்கூட உடையாது. அது பழைய துணிய ஊறவச்சு இடிச்சுக் கூழாக்கி செஞ்ச பேப்பர். 1800-களோட பாதிக்கு மேல மரக்கூழ்ல பேப்பர் செய்ய ஆரம்பிச்சாங்க, மை ஊறாம இருக்க படிகாரமும் பைன் மரப் பிசினும் சேத்தாங்க, அதுல இருக்கற அமிலம் உள்ள இருந்தே பேப்பரைத் தின்னுரும். நம்ம ஊர் சூடும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேந்தா இன்னும் வேகமா. அதனால வயசு கம்மியான புத்தகத்தைத்தான் முதல்ல காப்பாத்தணும், எல்லாரும் நேர்மாறா நினைக்கறாங்க.

பூச்சிக்கு என்ன பண்றீங்க?

ராமபாணம், செல்லு, பொடிவண்டு, மூணும் உண்டு. செய்யறதைச் சொல்லிடறேன். பீரோவை சுவர்ல இருந்து ஒரு முழம் தள்ளி வச்சிருக்கோம், காலுக்கு அடில கல்லு. ஐப்பசி மழைக்கு முன்னாடி, புரட்டாசிலயே, எல்லாத்தையும் வெளில எடுத்து நிழல்ல காத்தாட வச்சு பிரஷ்ல தூசி தட்டுவோம், வெயில்ல நேரா காட்டக்கூடாது, பேப்பர் இன்னும் முறுகிரும். வசம்பும் காஞ்ச வேப்பிலையும் துணில முடிஞ்சு தட்டுக்குத் தட்டு, வருஷா வருஷம் மாத்தணும், பழைய வேப்பிலைல பூச்சியே வந்து உக்காரும். பைண்டிங் பண்ணினா மைதாப் பசைல மயில்துத்தம் கலக்கச் சொல்லுங்க, பழைய பைண்டருங்களுக்குத் தெரியும், வெறும் மைதான்னா ராமபாணத்துக்கு விருந்து வச்ச மாதிரி. பூச்சி விழுந்த புத்தகத்தை பிளாஸ்டிக் பைல காத்து இல்லாம கட்டி டீப் ஃப்ரீசர்ல மைனஸ் 20 டிகிரில ரெண்டு வாரம் வச்சா முட்டை உட்பட செத்துரும், எடுத்ததும் உடனே பையைப் பிரிக்காம ரூம் சூட்டுக்கு வர்ற வரைக்கும் விடணும். ஐஸ்க்ரீம் ஏஜென்சி வச்சிருக்கற நம்ம பங்கு மக்கள் ஒருத்தங்க ஒரு ஃப்ரீசரை ஒதுக்கிக் குடுத்தாங்க, அவங்களுக்கு நாங்க கடன்பட்டிருக்கோம்.

அப்புறம், எங்க பங்களா சுண்ணாம்புச் சுவரு, உயரமான ஓட்டுக் கூரை, மே மாசத்துலயும் உள்ள குளுகுளுன்னு இருக்கும். அதை இடிச்சு கான்கிரீட்டுல கட்டலாம்னு பேச்சு வரும்போதெல்லாம் நான் புத்தகத்துக்காகவே எந்திரிச்சு நிப்பேன்.

நல்ல விலைக்குக் கேட்டா குடுப்பீங்களா? தனித்தனியா?

குடுக்க மாட்டோம். செட்டிநாட்டுல பழைய வீட்டைப் பிரிச்சு தூண் ஒருத்தருக்கு, கதவு ஒருத்தருக்கு, எனாமல் சட்டி ஒருத்தருக்குன்னு காரைக்குடிக் கடைத்தெருவுல வித்ததை கண்ணால பாத்தவங்க நாம. கதவு எங்கயோ ஒரு ஹோட்டல்ல அழகா நிக்கும், ஆனா அது யார் வீட்டுக் கதவுன்னு கேட்டா பதில் இருக்காது. புத்தகமும் அதே கதிதான். அவரு தேவாரத்துல ஒரு வார்த்தைக்குக் கோடு போட்டிருப்பாரு, அந்த வார்த்தைக்கு அகராதி ஓரத்துல குறிப்பு இருக்கும், அதே வார்த்தைய அவரு பிரசங்கம் எழுதின தாள்ல பாக்கலாம். மூணும் ஒரே ரூம்ல இருக்கற வரைக்கும்தான் அவரு எப்படித் தமிழ் கத்துக்கிட்டாருன்னு தெரியும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை எல்லாருக்கும் தெரியும். ஒத்த ஆளு, வாழ்நாள் பூரா சேத்தாரு, 1992-ல இறந்துட்டாரு. சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத் தொகுப்பையும் வாங்கிச்சு, ஆனா அமெரிக்காவுக்குத் தூக்கிட்டுப் போகாம சென்னைலயே வச்சு, 1994-ல ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாச்சு. பிரியாம, நாட்டை விட்டும் போகாம இருந்ததாலதான் இன்னைக்கு நம்ம பிள்ளைங்க அங்க போய் படிக்கறாங்க. இன்னொரு பக்கம் பாருங்க, 1578-ல கொல்லத்துல தமிழ் எழுத்துல அச்சான தம்பிரான் வணக்கம், 16 பக்கம், அது இருக்கறது ஹார்வர்டுல. 1586-ல வந்த அடியார் வரலாறு வத்திக்கான்ல. 1950-கள்ல தனிநாயகம் அடிகளார் தேடிப் போய் எழுதினதாலதான் நம்ம ஆளுங்களுக்கே இது பரவலா தெரிய வந்துச்சு. அவங்க காப்பாத்தினாங்க, நன்றி சொல்லணும். ஆனா அச்சான மண்ணுல ஒரு பிரதி கூட நிக்கலையேங்கற வருத்தம் எனக்குப் போகாது.

ஓலைச்சுவடி கேட்டு வர்றவங்களுக்கு இன்னொண்ணு. 75 வருஷத்துக்கு மேலான, மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும், வெளிநாட்டுக்குக் கொண்டு போறது குத்தம்.

ஸ்கேன் பண்ணி எல்லாரும் படிக்கற மாதிரி போடலாமே?

பண்ணிக்கிட்டு இருக்கோம், மெதுவா. எழுதினவரு இறந்து 60 வருஷம் தாண்டினா காப்பிரைட் கிடையாது, அந்தப் புத்தகங்கள்தான் முதல்ல. அதுலயும் வேற எங்கயும் ஏற்கனவே ஸ்கேன் ஆனதை நாங்க தொடறதில்ல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல தேடிப் பாத்துட்டுதான் ஆரம்பிப்போம். ஓரக்குறிப்பு இருக்கற பக்கத்தை கலர்லதான் எடுக்கணும், கருப்பு வெள்ளைல எடுத்தா பென்சில் விழாது. புத்தகத்தை 180 டிகிரிக்கு விரிச்சு அமுக்கினா முதுகு உடைஞ்சுரும், ரெண்டு பக்கமும் தலகாணி குடுத்து பாதி விரிச்சு மேல இருந்து போன்லயே எடுக்கறோம்.

எங்க வீட்டுலயும் பழைய புத்தகம் இருக்கு, பீரோவுல சேத்துக்குவீங்களா?

பெரிய சாமியார் தொகுப்போட கலக்க மாட்டோம், அது அவருடையதா தனியா இருக்கட்டும். ஆனா அவரு கையெழுத்து இருக்கற புத்தகமோ கடுதாசியோ உங்க வீட்டுப் பரண்ல இருந்தா தயவு செஞ்சு சொல்லுங்க. கல்யாணத்துக்கு, பரீட்சைல பாஸானதுக்கெல்லாம் அவரு புத்தகம் குடுக்கற பழக்கம் உள்ளவரு, ஊர்ல எத்தனையோ வீட்டுல இருக்கும். குடுக்க மனசு இல்லைன்னா ஒண்ணும் பாதகமில்ல, முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கறோம், புத்தகம் உங்க வீட்டுலயே இருக்கட்டும். போன வருஷம் ஒரு ஆச்சி அப்படித்தான் ஒரு சின்னப் பிரெஞ்சுப் பாடப் புத்தகம் கொண்டு வந்தாங்க. அவங்க அப்பச்சி சைகோனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போறதுக்கு முன்னாடி பெரிய சாமியார்கிட்ட பிரெஞ்சு படிச்சாராம், அந்தப் புத்தகம்.

எப்ப வந்தா பாக்கலாம்?

ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சு மதியம் வரைக்கும் நான் பங்களாலதான் இருப்பேன். மத்த நாள்ல வரணும்னா முன்னாடியே பங்கு ஆபீஸ்ல சொல்லிடுங்க. கை நல்லா கழுவித் துடைச்சுட்டு வாங்க, கிளவுஸ் வேணாம், கிளவுஸ் போட்டா பக்கம் பிடிபடாம கிழியுது. பேனா வெளில வச்சிரணும், பென்சில் நான் தர்றேன். பிரெஞ்சு தெரிஞ்சவங்க யாராவது வந்தா ஒரு நாள் கூட இருந்துட்டுப் போங்க, "ப" வரிசைக்கு அப்புறம் ஓரக்குறிப்பெல்லாம் இன்னும் தமிழ்ல எழுதி முடிக்கல.